பெல் வெளியில, வேலை உள்ள: வலி மருந்து பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற வலியைப் பத்தி எழுதும்போது மார்ஃபின்னு (அபினிச் செடியோட பால்ல இருந்து எடுக்கற பலமான வலி மருந்து) ஒரு வார்த்தையைப் போறபோக்குல போட்டுட்டேன். அதுக்கு வந்து குவிஞ்ச கேள்விகளைப் பார்த்தா இந்தத் தடவை வேற எதையும் எடுக்க முடியாது போல. பாதிப் பேருக்கு பயம், பாதிப் பேருக்கு ஆர்வம், ரெண்டு பேருக்கு என் மேல செம கோவம். மயக்க டாக்டரா இத்தனை வருஷம் இந்த மருந்துகளோடவே குடித்தனம் பண்ணிட்டு இருக்கேன், அதனால பதில் கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: கால்ல அடிபட்டவருக்கு கையில ஊசி போடறாங்க. மருந்துக்கு கால்தான் வலிக்குதுன்னு எப்படித் தெரியும்?

தெரியாதுங்க. அது தேடிப் போறதும் இல்ல, கண்டுபிடிக்கறதும் இல்ல. ரத்தத்துல கலந்து உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எல்லா இடத்துக்கும் போகுது, எங்கெல்லாம் அதுக்குன்னு ஒரு ரிசெப்டர் இருக்கோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்குது, அவ்வளவுதான். கால்ல அது பண்ற வேலை ரொம்பக் கம்மி, முக்கால்வாசி வேலை தண்டுவடத்துலயும் மூளையிலயும்தான் நடக்குது.

ரிசெப்டர்னா என்னன்னு கேட்டா எல்லாரும் உடனே பூட்டு, சாவின்னு ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கு அந்த உதாரணம் அவ்வளவா பிடிக்காது, ஏன்னா சாவி போட்டுத் திறந்தா யாரோ உள்ள நுழையப் போறாங்கன்னு அர்த்தம், ஆனா மார்ஃபின் தன் வேலையைக் காட்டறதுக்கு நரம்பு செல்லுக்குள்ள நுழையவே வேண்டாம். அதை காலிங் பெல்லுன்னு நினைச்சுக்கோங்க. பட்டன் வெளியில சுவத்துல இருக்கு, அழுத்தறவர் வாசல்லயே நிக்கறார், வேலை நடக்கறது வீட்டுக்குள்ள. இந்தப் பட்டன் ஒரு புரோட்டீன். செல்லைச் சுத்தி இருக்கற சவ்வுல உள்ள வெளிய, உள்ள வெளியன்னு 7 தடவை ஊசியால தைச்ச மாதிரி கோர்த்துக்கிட்டு நிக்கும். வெளிப்பக்கமா இருக்கற குழியில மார்ஃபின் வந்து உக்காந்த உடனே உள்பக்கம் லேசா நெளியுது, அங்க காத்துக்கிட்டு இருக்கற ஜி புரோட்டீன்னு ஒருத்தர் ரெண்டு துண்டா பிரிஞ்சு ஓடறார். ஒரு துண்டு போய் செல்லுக்குள்ள சைக்ளிக் ஏஎம்பின்னு ஒரு கெமிக்கல் தயாராகறதைக் குறைக்குது. இன்னொரு துண்டு ரெண்டு வேலை பாக்குது: பொட்டாசியம் வெளிய போற கதவைத் திறந்து விடுது, கால்சியம் உள்ள வர்ற கதவைச் சாத்துது.

இதனால என்ன ஆச்சுன்னு கேட்டீங்கன்னா, பொட்டாசியம் வெளிய போனா செல் சோம்பேறி ஆயிடும், யாராவது தட்டினாலும் சட்டுன்னு எழுந்திருக்காது. கால்சியம் உள்ள வரலைன்னா அந்த நரம்பு நுனியில குட்டிக் குட்டிப் பைகள்ல அடைச்சு வெச்சிருக்கற குளுட்டமேட், சப்ஸ்டன்ஸ் பி மாதிரி செய்தி சொல்ற கெமிக்கல் வெளிய கொட்டாது. சொல்லப்போனா வலி ஒரு ரிலே ரேஸ், முதல் நரம்பு கால்ல இருந்து தண்டுவடம் வரைக்கும் ஓடி வந்து அங்க நிக்கற ரெண்டாவது நரம்புகிட்ட குச்சியைக் கொடுக்கணும். முதல் ஆளுக்குக் கையை நீட்ட முடியல, ரெண்டாவது ஆளு தூங்கி வழியறார். ரேஸ் அங்கயே நின்னு போச்சு, இல்லன்னா பாதி வேகமாச்சு.

இதை உங்க உடம்புலயே பாக்கலாம். கட்டில் கால்ல சுண்டு விரலை இடிச்சுக்கிட்ட அனுபவம் எல்லாருக்கும் இருக்கும், முதல்ல சுள்ளுன்னு ஒண்ணு, அப்புறம் ஒரு நொடி அமைதி, "ஐயோ வரப்போகுது"ன்னு நாம பல்லைக் கடிக்கறதுக்குள்ள திகுதிகுன்னு ரெண்டாவது அலை. அது கற்பனை இல்ல. முதல் சுள் வேகமான நரம்பு வழியா வருது, ரெண்டாவது சி ஃபைபர்னு ஒரு மெல்லிசான நரம்பு வழியா நொடிக்கு சுமார் 1 மீட்டர் வேகத்துல நடந்து வருது. காலுக்கும் தண்டுவடத்துக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர், கணக்கு சரியா வருதா? மார்ஃபின் மாதிரி மருந்துகள் அந்த ரெண்டாவது வகை வலியைத்தான் நல்லா அமுக்கும், சுள்ளுன்னு வெட்டற வலிக்கு அவ்வளவா பத்தாது. அதனாலதான் கட்டி ஒண்ணைக் கீறணும்னா மார்ஃபின் கொடுத்துட்டு கத்தியை எடுக்க மாட்டோம், மரத்துப் போற ஊசி போடுவோம்.

மூளைப் பக்கம் நடக்கறது இன்னும் சுவாரஸ்யம். நடுமூளையில ஒரு இடம் இருக்கு, அங்க இருந்து கீழ தண்டுவடத்துக்கு "போதும், வாயை மூடு"ன்னு வலிக்கு ஆர்டர் போகும். சாதாரண நேரத்துல அந்த இடத்தை வேற சில நரம்புகள் அமுக்கி வெச்சிருக்கும். மார்ஃபின் அந்த அமுக்கற நரம்புகளைத் தூங்க வெச்சுடுது, அதாவது பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்கற காலைத் தூக்கி விடுது. இது போக, வலி எவ்வளவு இருக்குங்கறதை விட அது எவ்வளவு தொந்தரவு பண்ணுதுங்கறதைக் கணக்கு பாக்கற பகுதியிலயும் இந்த ரிசெப்டர் நிறைய இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்த ஒரு பெரியவரை மருந்து கொடுத்த அரை மணி நேரம் கழிச்சு "வலி எப்படிங்க ஐயா?"ன்னு கேட்டேன். "வலி இருக்குப்பா, ஆனா பக்கத்து வீட்டுல இருக்கு"ன்னார். எந்தப் பாடப் புத்தகத்துலயும் இதை விட நல்லா எழுதி நான் படிச்சதில்ல.

கேள்வி: ஏதோ ஒரு செடியோட பாலுக்கு நம்ம மூளையில எதுக்கு ரிசெப்டர் இருக்கணும்? இயற்கைக்கு முன்கூட்டியே தெரியுமா?

சபாஷ், இதே கேள்வியைக் கேட்டுத்தான் விஞ்ஞானிகளும் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. அபினிப் பால்ல இருந்து மார்ஃபினைத் தனியா பிரிச்சது செர்ட்யூர்னர்னு ஒரு ஜெர்மன் மருந்துக்கடை உதவியாளர், 1805 வாக்குல, அப்ப அவருக்கு வயசு இருபத்தி சொச்சம்தான். கனவுக் கடவுள் மார்ஃபியஸ் பேரை வெச்சார். தன் மேலயும் மூணு இளைஞர்கள் மேலயும் டெஸ்ட் பண்ணிப் பார்த்து, டோஸ் ஓவராப் போய், வாந்தி எடுக்க வினிகர் குடிச்ச கதையெல்லாம் உண்டு (இன்னிக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதுக்கு ஒத்துக்காது).

அதுக்கப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல இது எங்க வேலை செய்யுதுன்னு யாருக்கும் நிரூபிக்க முடியல. 1973ல அமெரிக்காவுல கேண்டஸ் பெர்ட்னு ஒரு ஆராய்ச்சி மாணவியும் அவங்க கைடு சாலமன் ஸ்னைடரும், கதிர்வீச்சு அடையாளம் ஒட்டின நலோக்சோனை (மார்ஃபினைத் தடுக்கற மருந்து) வெச்சு மூளைத் திசுவுல அது ஒட்டற இடத்தைக் காட்டினாங்க. அதே வருஷம் நியூயார்க்ல எரிக் சைமன் குழுவும், ஸ்வீடன்ல லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியா அதையே காட்டினாங்க. சரி, பெல் இருக்கு, அப்போ அழுத்தறவர்னு ஒருத்தர் வீட்டுக்குள்ளயே இருந்தாகணும் இல்லையா? ஸ்காட்லாந்துல அபர்டீன்ல ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் இதைத்தான் தேடினாங்க, ஹியூஸ் இறைச்சிக்கூடத்துல இருந்து பன்றி மூளையை வாங்கிட்டு வந்து, அரைச்சு, வடிகட்டி, அந்தச் சாறு மார்ஃபின் மாதிரியே திசுவோட துடிப்பை அடக்குதான்னு பார்த்துக்கிட்டே இருந்தார். 1975ல கிடைச்சது. வெறும் 5 அமினோ அமிலம் கோர்த்த குட்டிச் சங்கிலி, பேரு என்கெஃபலின், "தலைக்குள்ள இருக்கறது"ன்னு அர்த்தம். பின்னாடியே எண்டார்ஃபின், டைனார்ஃபின் எல்லாம் வரிசையா வந்துச்சு.

அதனால இயற்கைக்கு அபினியைப் பத்தி எதுவும் தெரியாது. பெல்லும் நம்மது, அழுத்தற விரலும் நம்மது. அந்த 5 அமினோ அமிலச் சங்கிலியில முதல்ல நிக்கறது டைரோசின், மார்ஃபினோட உடம்புல ஒரு பக்கம் கிட்டத்தட்ட அந்த டைரோசின் மாதிரியே இருக்கு, அதனால அந்தக் குழியில கச்சிதமா உக்காந்துடுது. ஆள் மாறாட்டம்னே வெச்சுக்கோங்க. ஒரே வித்தியாசம், நம்ம விரல் பெல்லை அழுத்திட்டு உடனே எடுத்துடும், என்கெஃபலினை உடம்பு நிமிஷக் கணக்குலயே வெட்டிப் போட்டுடும். மார்ஃபின் மணிக்கணக்கா பட்டன்லயே கையை வெச்சுக்கிட்டு நிக்கும். கதை பூரா இந்த ஒரு வித்தியாசத்துலதான் இருக்கு.

ரிசெப்டர்ல மியூ, டெல்டா, கப்பான்னு முக்கியமா மூணு வகை உண்டு. மார்ஃபினுக்கு வேண்டியது மியூ. 1996ல மியூ ரிசெப்டரே இல்லாத எலிகளை உருவாக்கி மார்ஃபின் கொடுத்துப் பார்த்தாங்க, வலியும் குறையல, அதைத் தேடிப் போற பழக்கமும் வரல, நிறுத்தினா வர்ற அவஸ்தையும் இல்ல. நல்லது, கெட்டது எல்லாத்துக்கும் ஒரே பெல்.

கேள்வி: சும்மா சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து வலி மருந்துன்னு சொன்னாலே சிலருக்கு வலி போயிடுதே, அது வெறும் மன பிரமைதானே?

"வெறும்"ங்கற வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்கிக்கோங்க. 1978ல லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ்னு மூணு பேர் பல் பிடுங்கினவங்ககிட்ட ஒரு சோதனை பண்ணினாங்க. பிளசீபோ, அதாவது உள்ள மருந்தே இல்லாத போலி மருந்து கொடுத்தப்ப சிலருக்கு வலி நிஜமாவே குறைஞ்சது. அவங்களுக்கே அப்புறமா, தெரியாம நலோக்சோன் கொடுத்தாங்க, அது பட்டன் மேல கையை வெச்சு மூடிக்கிட்டு தானும் அழுத்தாம அடுத்தவரையும் அழுத்த விடாம நிக்கற மருந்து. கொடுத்ததும் வலி திரும்பிடுச்சு. அப்படின்னா நம்பிக்கை வந்தவுடனே மூளை தன்னோட சொந்தச் சரக்கை எடுத்து விட்டிருக்கு, நலோக்சோன் அதைத் தடுத்துடுச்சு. எல்லா பிளசீபோவும் இந்த வழியிலதான் நடக்குதுன்னு இல்ல, ஆனா அந்த வலிக்குறைவு பொய் இல்ல. ஒரு டாக்டர் உக்காந்து ரெண்டு நிமிஷம் நிதானமா பேசிட்டு ஊசி போட்டா அதே ஊசி நல்லா கேக்கறதுக்கும் இதுல பங்கு உண்டு, நம்ம ஆளுங்க இதைத்தான் கைராசின்னு சொல்றாங்களோ என்னவோ.

கேள்வி: ஓடினா எண்டார்ஃபின் சுரந்து குஷி வரும்னு ஜிம்ல சொல்றாங்க, உண்மையா?

பாதி. ஓடினா ரத்தத்துல எண்டார்ஃபின் ஏறும், ஆனா ரத்தத்துல இருக்கறது அவ்வளவு லேசுல மூளைக்குள்ள போகாது. ஓபியாய்டு (மார்ஃபின் மாதிரி இந்த பெல்லை அழுத்தறதுக்கெல்லாம் பொதுப் பேரு) ரிசெப்டரை மருந்தால அடைச்சுட்டு ஆட்களை ஓட விட்டுப் பார்த்தப்பவும் அந்த குஷி வந்துச்சு, அதனால இப்ப சந்தேகம் கஞ்சா ரிசெப்டர்ல ஒட்டற நம்ம உடம்போட சொந்தக் கெமிக்கல் மேலதான் அதிகம். நீங்க ஓடறதை நிறுத்தாதீங்க, டி ஷர்ட்ல எழுதியிருக்கற வார்த்தையை மட்டும் மாத்தணும்.

கேள்வி: பாராசிட்டமாலும் இதே வேலைதானே பண்ணுது?

இல்லைங்க. ஐபுப்ரோஃபென் வகையெல்லாம் அடிபட்ட இடத்துல வீக்கமும் வலியும் உண்டாக்கற புரோஸ்டாகிளாண்டின் தயாராகறதைக் குறைக்குது, பாராசிட்டமாலும் மியூ பெல்லை நேரா அழுத்தறது இல்ல. வழி வேற வேறங்கறதாலதான் மார்ஃபினையும் பாராசிட்டமாலையும் சேர்த்துக் கொடுக்கறோம், பாராசிட்டமால் ஒழுங்கா போச்சுன்னா மார்ஃபின் டோஸைக் குறைக்க முடியும்.

கேள்வி: எனக்கும் அக்காவுக்கும் ஒரே டாக்டர் கோடீன் கலந்த மாத்திரை கொடுத்தார். எனக்கு துளிகூட கேக்கல, அவ சுருண்டு படுத்துட்டா. மாத்திரை டூப்ளிகேட்டா?

மாத்திரை ஒரிஜினலாத்தான் இருக்கும், கல்லீரல்தான் வேற வேற. கோடீனுக்குத் தானா பெல்லை அழுத்தற தெம்பு ரொம்பக் கம்மி, கல்லீரல்ல இருக்கற சிஒய்பி2டி6னு ஒரு என்சைம் அதுல கொஞ்சத்தை மார்ஃபினா மாத்தணும், அப்பதான் வேலை நடக்கும். சிலருக்கு அந்த என்சைம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, நீங்களும் அப்படி இருக்கலாம், அவங்களுக்கு கோடீன் வெறும் மலச்சிக்கல் மாத்திரை. சிலருக்கு என்சைம் ஓவர்டைம் பாக்கும், சாதாரண டோஸே மடமடன்னு மார்ஃபினா மாறிடும், உங்க அக்காவுக்கு அப்படி இருக்கலாம். இது விளையாட்டு இல்ல, டான்சில் ஆபரேஷன் ஆன குழந்தைகள் சில பேர் இப்படியே மூச்சு நின்னு இறந்திருக்காங்க, 2017ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 12 வயசுக்குக் கீழ கோடீனே கூடாதுன்னு சொல்லிடுச்சு. தாய்ப்பால் கொடுக்கறவங்களுக்கும் வேண்டாம்னு எச்சரிச்சிருக்கு. அக்காகிட்ட அடுத்த தடவை எந்த டாக்டரைப் பார்த்தாலும் இந்த விஷயத்தை முதல்லயே சொல்லச் சொல்லுங்க, நீங்களும் சொல்லுங்க.

கேள்வி: அப்பாவுக்கு கேன்சர், எலும்புக்குப் பரவிடுச்சு. டாக்டர் மார்ஃபின் எழுதியிருக்கார். "மார்ஃபின் ஆரம்பிச்சா கடைசிக் கட்டம்னு அர்த்தம், அடிமையாயிடுவார், உண்மையிலேயே வலி தாங்காதப்ப கேக்காம போயிடும், அதனால தள்ளிப் போடு"ன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றாங்க. அப்பா ராத்திரி பூரா கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். என்ன பண்றதுன்னு தெரியல டாக்டர்.

அம்மா, முதல்ல இன்னிக்கு ராத்திரிக்கான பதில்: டாக்டர் எழுதினதை எழுதின மாதிரி கொடுங்க. தள்ளிப் போடாதீங்க. இப்ப ஒவ்வொண்ணா பாப்போம்.

கடைசிக் கட்டம்ங்கறது தப்பு. மார்ஃபின் வியாதியோட நிலைக்குக் கொடுக்கறது இல்ல, வலியோட அளவுக்குக் கொடுக்கறது. மார்ஃபின் எடுத்துக்கிட்டே மாசக்கணக்கா, வருஷக்கணக்கா நடமாடறவங்க இருக்காங்க, ரேடியேஷன் கொடுத்து வலி குறைஞ்சதும் படிப்படியா டோஸைக் குறைச்சு நிறுத்தினவங்களும் இருக்காங்க.

"கேக்காம போயிடும்"ங்கறதுல கொஞ்சம் உண்மை இருக்கு, அதை மறைக்க மாட்டேன். பெல்லை யாரோ நாள் பூரா அழுத்திக்கிட்டே இருந்தா வீட்டுல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? கண்டுக்க மாட்டாங்க, அப்புறம் ஒயரையே பிடுங்கி விடுவாங்க. செல்லும் அதையேதான் பண்ணுது, அரெஸ்டின்னு ஒரு புரோட்டீன் வந்து ரிசெப்டரோட உள்பக்கம் ஒட்டிக்கிட்டு ஜி புரோட்டீனை நெருங்க விடாது, சில ரிசெப்டரை உள்ளயே இழுத்துக்கும். இதுக்குப் பேரு டாலரன்ஸ், அதே அளவு வலிக்குறைவுக்கு டோஸ் கொஞ்சம் ஏத்த வேண்டி வரலாம். ஆனா மார்ஃபினுக்கு ஒரு சௌகரியம், இதுக்கு மேல ஏத்தினாலும் பிரயோஜனம் இல்லைன்னு ஒரு கூரை கிடையாது, டாக்டர் பாத்துப் பாத்து ஏத்தலாம், அதனால இப்ப சேமிச்சு வெச்சு அப்புறம் செலவு பண்றதுக்கு இது உண்டியல் இல்ல. டோஸ் ஏறுதுன்னா பல நேரம் மருந்து கேக்கலைன்னு அர்த்தம் இல்ல, வியாதி வளந்திருக்குன்னு அர்த்தம்.

அடிமையாறதுன்னு சொல்றதுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு. உடம்பு பழகிப் போறது ஒண்ணு. மருந்து வந்து அமுக்கிக்கிட்டே இருக்கறதால செல் உள்ள சைக்ளிக் ஏஎம்பி தயாரிக்கற மெஷினைக் கூட்டி வெச்சுக்கும், திடீர்னு மருந்தை நிறுத்தினா அமுக்கற கை போயிடும், மெஷின் மட்டும் முழு வேகத்துல ஓடும், அதனாலதான் வேர்வை, வயித்துப்போக்கு, தூக்கமின்மை, உடம்பு பூரா குடைச்சல்னு எல்லாம் தலைகீழா வரும். வாரக்கணக்கா எடுக்கற யாருக்கும் இது வரலாம், அதனால தானா நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். அடிக்ஷன்ங்கறது வேற. அதுல வலி இல்லாதப்பவும் மருந்தைத் தேடி மனசு அலையும், கெடுதல்னு தெரிஞ்சும் நிறுத்த முடியாது, மூளையோட ஆசைப் பகுதியில டோப்பமின்னு ஒரு கெமிக்கல் கொட்டறதால வர்ற விஷயம். கேன்சர் வலிக்கு அளவா கொடுக்கறவங்ககிட்ட இது குறைவு, ஆனா முன்னாடி குடிப்பழக்கமோ போதைப் பழக்கமோ இருந்திருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ்னு ஹாஸ்பிஸ் (தீராத நோய்ல இருக்கறவங்களை வலி இல்லாம பாத்துக்கற இடம்) ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ், நோயாளி வலியில கத்தின பிறகு கொடுக்காம, வலி வர்றதுக்கு முன்னாடியே கடிகாரத்தைப் பார்த்து நேரா நேரத்துக்குக் கொடுத்தா டோஸும் கட்டுக்குள்ள இருக்கும், ஆளும் தெளிவா இருப்பார்னு நடத்தியே காட்டினாங்க. 1986ல உலக சுகாதார நிறுவனம் கேன்சர் வலிக்கு வெளியிட்ட படிக்கட்டு முறையிலயும் இதே "கடிகாரப்படி"தான். அதனால "வலிச்சா கேளுங்கப்பா"ன்னு விட்டுடாதீங்க, நம்ம அப்பாக்கள் கேக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க: மலச்சிக்கல். குடல் சுவத்துலயும் மியூ பெல் வரிசையா இருக்கு, அழுத்தினா குடல் நகராது. வாந்தி, தூக்கக் கலக்கம் எல்லாம் சில நாள்ல பழகிடும், மலச்சிக்கல் பழகவே பழகாது. முதல் நாளே மலத்தை இளக்கற பேதி மாத்திரையும் சேர்த்து எழுதியிருக்காரான்னு சீட்டைப் பாருங்க, இல்லைன்னா இன்னிக்கே ஃபோன் பண்ணிக் கேளுங்க. மார்ஃபினை நிறுத்தினவங்க நிறைய பேர் வலி போனதால நிறுத்தல, வயிறு கல்லாகிப் போனதால நிறுத்தினாங்க.

கேள்வி: மார்ஃபின் இவ்வளவு நல்லவன்னா, டிவியில ஓவர்டோஸ் சாவுன்னு ஏன் தினமும் காட்டறாங்க? நீங்க மருந்துக் கம்பெனிக்கு ஏஜென்டா?

கோவக்காரர் நம்பர் ஒண்ணு. ஏஜென்ட் இல்லைங்க, ஆனா கேள்வி நியாயமானது. மூளைத்தண்டுல மூச்சுக்குத் தாளம் போடற நரம்புக் கூட்டம் ஒண்ணு இருக்கு, அதுலயும் இதே பெல். ரத்தத்துல கரியமில வாயு ஏறினா "மூச்சு விடு"ன்னு உதைக்கறதுதான் நம்மளை உயிரோட வெச்சிருக்கு, ஓபியாய்டு அந்த உதையை மழுங்கடிச்சுடும். ஆள் மூச்சுத் திணறி உருளறது இல்ல, அதுதான் பயங்கரம், நிம்மதியா தூங்கற மாதிரியே இருக்கும், மூச்சு நிமிஷத்துக்கு பத்து, எட்டு, ஆறுன்னு குறையும், கருவிழி நடுவுல இருக்கற கறுப்புப் புள்ளி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும், உதடு நீலமாகும், எழுப்பினா எழுந்திருக்க மாட்டார். குறட்டை மாதிரி ஒரு கரகர சத்தம் கேட்டு "நல்லா தூங்கறார்"னு கதவைச் சாத்திட்டுப் போன வீடுகள் உண்டு.

தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தா இது பல மடங்கு ஆபத்து. கொஞ்ச நாள் நிறுத்திட்டுத் திரும்ப பழைய டோஸையே எடுத்தாலும் அப்படித்தான், அதுக்குள்ள பழக்கம் போயிருக்கும். ஃபெண்டனில்னு இன்னொரு ஓபியாய்டு மார்ஃபினை விட 50லிருந்து 100 மடங்கு வீரியம், கள்ளச் சந்தையில அது எதுல எவ்வளவு கலந்திருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. டிவியில நீங்க பாக்கறதுல பெரும்பகுதி அந்தக் கதைதான். ஆனா டாக்டர்கள் பல் வலிக்கும் முதுகு வலிக்கும் கண்டபடி எழுதித் தள்ளினதும் அதுக்கு ஒரு ஆரம்பம், எங்க ஆளுங்களைக் காப்பாத்த நான் வரல.

மாத்து மருந்து நலோக்சோன். மூக்குல ஸ்ப்ரேயா அடிச்சா ரெண்டு மூணு நிமிஷத்துல பட்டன்ல இருந்து ஓபியாய்டைத் தள்ளி விட்டுட்டு தான் உக்காந்துக்கும், ஆள் எழுந்து உக்காருவார். ஆனா ஒண்ணு ஒன்றரை மணி நேரத்துல அது இறங்கிடும், உள்ள இருக்கற ஓபியாய்டு அதுக்கு மேலயும் இருக்கலாம், திரும்ப மூச்சு நிக்கலாம். அதனால எழுந்துட்டார்னு ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிடாதீங்க.

சைடுல ஒண்ணு. வயித்துப்போக்குக்கு மருந்துக்கடையில தர்ற லோபெரமைடு இருக்கே, அதுவும் மியூ பெல்லை அழுத்தற ஓபியாய்டுதான்! சாதாரண டோஸ்ல அது மூளைக்குள்ள தங்க முடியாது, மூளையோட ரத்தக்குழாய்ச் சுவத்துல ஒரு பம்ப் வாசல்லயே பிடிச்சு வெளிய தள்ளிடும். அதனால குடல் பெல் மட்டும் அடிக்குது, தலையில ஒண்ணும் தெரியல. அதுக்காக அளவுக்கு மேல முழுங்கிப் பாக்காதீங்க, இதயத் துடிப்பைக் கெடுத்து ஆளைக் கொன்னுடும்.

கேள்வி: வலி மட்டும் போகணும், போதையும் வேண்டாம், மூச்சும் நிக்கக் கூடாது. இப்படி ஒரு மருந்து கண்டுபிடிக்க முடியாதா?

இந்த ஆசைக்கு வயசு நூறுக்கு மேல. 1898ல பேயர் கம்பெனி மார்ஃபினை விட நல்லதுன்னு இருமலுக்கு ஒரு மருந்தைக் கொண்டு வந்துச்சு, பேரு ஹெராயின். அதுக்கப்புறம் யாராவது "இது அடிமையாக்காத ஓபியாய்டு"ன்னு சொன்னா நான் முதல்ல பர்ஸைப் பிடிச்சுக்குவேன்.

கஷ்டம் எங்கன்னா வலிக்கும் ஆசைக்கும் மூச்சுக்கும் குடலுக்கும் ஒரே பெல். சரி, வேற பெல்லை அழுத்தலாமேன்னு கப்பாவை முயற்சி பண்ணினாங்க, வலி குறைஞ்சது, போதை இல்ல, ஆனா ஆளுக்கு மனசு இருண்டு போச்சு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சது. மூளைக்குப் போகாத ஒரு கப்பா மருந்து இப்ப டயாலிசிஸ்ல இருக்கறவங்களோட அரிப்புக்குப் பயன்படுது, அந்த வகையில உருப்பட்டுச்சு. புப்ரெனார்ஃபின் பெல்லை பாதி மட்டும் அழுத்தும், ஆனா கையை எடுக்காது, அதனால மூச்சு விஷயத்துல கொஞ்சம் பாதுகாப்பு, அடிக்ஷன்ல இருந்து மீளவும் கொடுக்கறாங்க. 2012ல மியூ ரிசெப்டரோட முப்பரிமாண வடிவத்தையே பிரையன் கோபில்கா குழு வெளியிட்டது, இந்த வகை ரிசெப்டர் ஆராய்ச்சிக்காக அதே வருஷம் அவருக்கு நோபலும் கிடைச்சது. அந்தக் குழி எப்படி இருக்குன்னு பாத்தே மருந்தைச் செதுக்கலாம்னு பெரிய எதிர்பார்ப்பு. ஜி புரோட்டீனை மட்டும் கிளப்பி அரெஸ்டினை விட்டுடற மாதிரி ஒலிசெரிடைன்னு ஒண்ணு 2020ல அனுமதி வாங்குச்சு, ஆனா அதுலயும் மூச்சு எச்சரிக்கை, அடிக்ஷன் எச்சரிக்கை ரெண்டும் அச்சடிச்சுத்தான் வந்துச்சு. என்னைக் கேட்டா நம்பிக்கை இருக்கறது பெல்லையே தொடாத வழியிலதான்: வலி நரம்புல மட்டும் அதிகமா இருக்கற ஒரு சோடியம் கதவை அடைக்கற சுசெட்ரிஜின் 2025 ஜனவரியில அமெரிக்காவுல அனுமதியாச்சு. திடீர்னு வர்ற புது வலிக்குத்தான் அனுமதி, மார்ஃபின் இடத்தைப் பிடிக்குமான்னு இப்பவே ஆரத்தி எடுக்க வேண்டாம்.

கேள்வி: சுகர்னால பாதம் எரியுது. மார்ஃபின் கேட்டா டாக்டர் தர மாட்டேங்கறார்.

சரியாத்தான் பண்றார். அது நரம்பே பழுதாகி வர்ற வலி, அதுக்கு ஓபியாய்டு சுமாராத்தான் கேக்கும், நீண்ட நாள் எடுத்தா சிலருக்கு வலியே கூடவும் செய்யும். பிரிகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் வகைதான் முதல் வரிசை, இதுல கடைசி ரெண்டும் மனச்சோர்வு மருந்துகள். மனச்சோர்வு மருந்தை ஏன் காலுக்குக் கொடுத்தார்னு சண்டைக்குப் போகாதீங்க, நடுமூளையில இருந்து கீழ வர்ற அந்த "வாயை மூடு" ஆர்டருக்கு அது பலம் சேர்க்குது.

கேள்வி: மாமியாருக்கு ஃபெண்டனில் பேட்ச் ஒட்டறோம். முதுகு வலிக்குதுன்னு அது மேலயே ஹாட் வாட்டர் பேக் வெச்சுக்கறாங்க, பரவாயில்லையா?

அந்த ஹாட் வாட்டர் பேக்கை உடனே எடுத்துடுங்க. சூடு பட்டா தோல் வழியா மருந்து மளமளன்னு உள்ள போயிடும், காய்ச்சல் வந்தாலும் இதே கதைதான், அப்ப டாக்டருக்குச் சொல்லணும். பேட்ச் வலிக்கற இடத்துல ஒட்டணும்னு இல்ல, முதல் கேள்வியில சொன்ன மாதிரி அது ரத்தம் வழியாத்தான் போகுது, நெஞ்சுலயோ மேல்கையிலயோ முடி இல்லாத இடமா பாத்து ஒட்டுங்க, 72 மணி நேரத்துக்கு ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் இடம் மாத்தி. ஒட்டின தேதியையும் நேரத்தையும் பேட்ச் மேலயே பேனாவுல எழுதிடுங்க, ஏன்னா பழசை எடுக்க மறந்து புதுசை ஒட்டினவங்களை நான் பாத்திருக்கேன். எடுத்த பேட்ச்லயும் ஒரு குழந்தையைக் கொல்ற அளவு மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டற பக்கத்தை உள்ள வெச்சு ரெண்டா மடிச்சு அழுத்திடுங்க, எப்படித் தூக்கிப் போடணும்னு மருந்துக்கடைக்காரர்கிட்ட கேளுங்க, அதுவரைக்கும் மூடின டப்பாவுல பூட்டி வையுங்க. வீட்டுல சின்னப் பசங்க இருந்தா டப்பாவுல இருக்கறதை எண்ணியும் வெச்சுக்கோங்க.